நீர் புகாதது வேறு, கடலுக்குப் பொருந்துவது வேறு

கடற்கரையில் தேடுவதற்காக மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "தண்ணீரில் நனைந்தால் தாங்குமா?" என்பதாகத்தான் இருக்கும். நானும் அந்தக் கேள்வியை மட்டுமே கேட்டுவிட்டு, 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு கருவியை வாங்கினேன். அலை எட்டாத உலர்ந்த மணலில் அது சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு நாணயங்களையும் ஒரு சாவியையும் எடுத்துக் கொடுத்தது. அந்த நம்பிக்கையில் பத்தடி கீழே இறங்கி, அலை வந்து நனைத்துவிட்டுத் திரும்பும் ஈர மணலில் காயிலை, அதாவது தண்டின் நுனியில் கம்பிச்சுருள் பொதிந்திருக்கும் தட்டையான தலையை, வைத்ததுதான் தாமதம், கருவி கூச்சலிடத் தொடங்கியது. இடப்பக்கம் வீசினாலும் கூச்சல், வலப்பக்கம் வீசினாலும் கூச்சல், அலை மேலேறி வந்தால் அதைவிடப் பெருங்கூச்சல். உணர்திறனை அரைப்பங்குக்கும் கீழே குறைத்த பிறகு சத்தம் அடங்கியது. ஆனால் என் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி ஒரு சாண் ஆழத்தில் புதைத்துப் பார்த்தபோது, அதையும் அது கண்டுகொள்ளவில்லை. கருவிக்குள் ஒரு சொட்டு நீர்கூடப் புகவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததில் பொய் ஏதும் இல்லை. நீர் புகாமல் இருப்பது வேறு, உப்புநீரில் வேலை செய்வது வேறு என்பதை நான்தான் அறிந்திருக்கவில்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும். டிடெக்டரின் காயில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் ஓர் உலோகத்தைத் தொடும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறிய எதிர்ப்புலத்தைத்தான் கருவி கேட்கிறது. மின்சாரத்தைக் கடத்தும் எந்தப் பொருளும் இப்படிப் பதில் சொல்லும் என்பதே சிக்கல். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உலோகத்தோடு ஒப்பிட்டால் கடல்நீர் மிக மோசமான கடத்திதான். ஆனால் மோதிரம் சில கிராம் எடையுள்ள ஒரு சிறு பொருள், காயிலுக்குக் கீழேயோ வாளிக்கணக்கில் உப்புநீர் ஊறிய மணல் கிடக்கிறது. ஆகவே கருவியின் காதுக்கு அந்த ஈரமே ஒரு பெரிய, மெல்லிய தகடுபோலக் கேட்கிறது. மெல்லிய தங்கச் சங்கிலியும் சிறு தோடும் அதே தாழ்ந்த குரலில்தான் பேசுகின்றன என்பது இன்னொரு சங்கடம். உப்பை அடக்க முயலும்போது அவற்றையும் சேர்த்தே அடக்கிவிடுகிறோம்.

இதோடு கருமணல் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் கடினமாகிவிடும். பல கடற்கரைகளில் அலை மணலை அலசி, எடை கூடிய துகள்களைக் கோடு கோடாக ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மேக்னடைட் எனும் இரும்புத் தாது கலந்திருந்தால், ஒரு சாதாரணக் காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு மணலில் இழுத்தாலே அது மீசைபோல ஒட்டிக்கொள்ளும். உப்பு கொடுக்கும் சிக்னல் மின்கடத்தலால் வருவது, மேக்னடைட் கொடுக்கும் சிக்னல் காந்தத் தன்மையால் வருவது. இரண்டும் கருவிக்கு வெவ்வேறு திசையிலிருந்து வந்து சேர்கின்றன. தரைச் சமன் என்று நாம் சொல்லும் அமைப்பு, அடியில் உள்ள மண்ணின் குரலை மட்டும் தனியே கழித்துவிடுவதற்காக இருப்பது. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவியில் அதை உப்புக்கு ஏற்பத் திருப்பலாம் அல்லது கருமணலுக்கு ஏற்பத் திருப்பலாம். இரண்டையும் ஒருசேரக் கழிக்க அதனால் முடியாது. என் முதல் கருவியின் குறை இதுதான்.

அதற்காக ஒற்றை அதிர்வெண் கருவிகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஏரி, ஆறு, குளம் என்று நன்னீரில் மட்டுமே தேடப்போகிறவருக்கு உப்பின் தொல்லை கிடையாது. காரெட் ஏடி ப்ரோ போன்ற, 15 கிலோஹெர்ட்ஸில் இயங்கி 3 மீட்டர் ஆழம் தாங்கும் ஒரு கருவி அவருக்கு நிறைவாகவே உதவும். கடற்கரையிலும் உலர்ந்த மணலோடு நின்றுகொள்கிறவருக்கு அதுவே போதும். மக்கள் துண்டு விரித்து உட்காரும் இடமும், உடை மாற்றும் இடமும், பந்து விளையாடும் இடமும் உலர்ந்த மணலில்தான் இருக்கின்றன என்பதால் அங்கே கிடைப்பதும் குறைவில்லை. ஆனால் விரலிலிருந்து மோதிரம் நழுவுவது பெரும்பாலும் நீருக்குள்தான். குளிர்ந்த நீரில் விரல் சற்றுச் சுருங்குகிறது, சூரியக் காப்புப் பசை வழுக்குகிறது, அலை கையைத் தட்டுகிறது. முழங்கால் முதல் மார்பு வரையிலான ஆழத்தில்தான் அதிகமாகத் தொலைகிறது. அங்கே போக வேண்டும் என்று நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பல அதிர்வெண் கருவி, மற்றொன்று பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி.

பல அதிர்வெண் கருவி ஒரே நேரத்தில் தாழ்ந்த அதிர்வெண்ணையும் உயர்ந்த அதிர்வெண்ணையும் அனுப்பி, இரண்டிலிருந்தும் வரும் பதில்களை ஒப்பிட்டு, உப்பு எவ்வளவு, கருமணல் எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட்டுக் கழிக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ஃபிஷர் நிறுவனத்தின் சிஇசட் வரிசை 5, 15 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டைக் கொண்டே நெடுங்காலமாகக் கடலில் நன்றாக வேலை செய்துவருகிறது. மைன்லேப் நிறுவனத்தின் எக்ஸ்காலிபர் 1.5 முதல் 25.5 கிலோஹெர்ட்ஸ் வரை 17 அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறது. எந்த வகை உலோகம் என்பதை ஊகிக்க எண் காட்டும் திரை எதுவும் அதில் இல்லாவிட்டாலும், அதன் இழுவையான ஒலியைக் கேட்டுக் கேட்டே பழகிய பழைய கைகள் இன்றும் அதை விட மறுக்கின்றன. 2018-இல் அதே நிறுவனத்தின் ஈக்வினாக்ஸ் வந்த பிறகுதான் எடை குறைந்த, நிலத்துக்கும் கடலுக்கும் ஒருசேரப் பயன்படக்கூடிய பல அதிர்வெண் கருவி சாதாரண ஆர்வலரின் கைக்கு எட்டியது என்று நினைக்கிறேன். அதைத் தொடர்ந்து நோக்டா லெஜண்ட், எக்ஸ்பி டியூஸ் 2 என்று போட்டி பெருகியது வாங்குகிறவருக்கு நல்லதாகவே முடிந்தது.

பல்ஸ் இண்டக்‌ஷன் முற்றிலும் வேறு வழியில் போகிறது. அது தொடர்ந்து பாடிக்கொண்டிருப்பதில்லை. வலிமையான ஒரு மின்துடிப்பைக் காயிலுக்குள் அனுப்பிச் சட்டென்று நிறுத்திவிட்டு, ஏறத்தாழ 10 மைக்ரோசெகண்ட் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்குகிறது. துடிப்பு நின்றதும் உப்புநீரில் எழுந்த மின்னோட்டம் மிக விரைவாகச் செத்துவிடும். மோதிரத்தில் எழுந்தது இன்னும் சற்று நேரம் நீடிக்கும். கோவில் மணியை அடித்துவிட்டு, பக்கத்தில் விழுந்த தட்டின் ஓசை அடங்கிய பிறகு மணியின் ரீங்காரத்தை மட்டும் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பையும் பெரும்பாலான கருமணலையும் பொருட்படுத்தாமல் ஆழம் காண்பதில் இந்த வகைக்குத் தனிப் பெருமை உண்டு. ஆனால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் கூட்டிய அளவுக்கு மெல்லிய தங்கமும் உப்போடு சேர்ந்து நழுவிவிடும். அதைவிடப் பெரிய குறை, இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்ல இதற்கு நம்பத்தக்க வழி கிடையாது என்பது. பெண்கள் கூந்தலில் செருகும் மெல்லிய கம்பி ஊசி ஒன்று போதும், அரைமணி நேரத்தைத் தின்றுவிடும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் இரட்டை ஒலி எழுப்பி, மணலை அள்ளிச் சலிக்கும் அள்ளியின் ஓட்டை வழியே நழுவி நழுவித் திரும்பக் குழிக்குள்ளேயே விழும் அதை, இடுப்பளவு நீரில் ஐந்தாவது முறை அள்ளும்போது வரும் எரிச்சலை எழுத்தில் சொல்லிவிட முடியாது.

என்னைக் கேட்டால், கூட்டம் நிறைந்த, குப்பை மலிந்த கரையில் தேடுகிறவர் பல அதிர்வெண் கருவியையே வாங்க வேண்டும். கருமணல் அடர்ந்த கரையில், இரும்புக் குப்பை குறைந்த இடத்தில், ஆழத்தை நாடித் தேடுகிறவருக்கும், அடியில் முக்குளித்துத் தேடுகிறவருக்கும் பல்ஸ் பொருந்தும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் கருவி வாங்குகிறவர் அந்தக் கனவை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம்.

இரும்பைப் பிரிப்பது என்றதும் ஓர் எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது. திரையில் எண் காட்டும் கருவிகளை வாங்கியவர்கள், குப்பைக்கு உரிய எண்களை எல்லாம் அடைத்துவிட்டுத் தங்கத்தின் எண் வரும்வரை காத்திருக்கலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். தங்கத்துக்கென்று தனி எண் கிடையாது. சுத்தத் தங்கம் நல்ல கடத்திதான் என்றாலும், நகை செய்யும்போது செம்பும் வெள்ளியும் சேர்ந்ததும் அதன் கடத்துதிறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, அளவு, தடிமன், வடிவம் எல்லாமே எண்ணை மாற்றும். ஆகவே சிறிய பெண் மோதிரம் ஒன்று அலுமினியத் தாள் நிற்கும் இடத்தில் நிற்கிறது. கனத்த ஆண் மோதிரம் ஒன்று குளிர்பானக் குவளையின் இழுவளையம் நிற்கும் இடத்தில் நிற்கிறது. அலுமினியத்தை அடைத்தால் தங்கத்தையும் அடைத்தாயிற்று. வளையம் முழுமையாக இருந்தால் மின்னோட்டம் சுற்றி ஓடி நல்ல ஒலி தரும். அதே மோதிரம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் ஒலி பாதியாகிவிடும். நுண்ணிய கண்ணிகள் கொண்ட சங்கிலியோ ஒரே பொருளாகவே கருவிக்குத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே முணுமுணுக்கிறது, பூட்டும் பதக்கமும் மட்டும்தான் சற்று உரக்கப் பேசும். எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை எண்களைப் பிரித்துக் காட்டுகிறது என்பதைவிட, தாழ்ந்த கடத்திகளின் மெல்லிய ஒலியை உப்புக்கு நடுவிலும் தெளிவாகக் கேட்கவிடுகிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரும்பை மட்டும் தாழ்ந்த ஒலியாக வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் தோண்டுவதே கடற்கரையின் வழக்கம். கையில் ஈயக் குண்டுகள் வரத் தொடங்கினால் மனம் தளர வேண்டாம். தூண்டிலின் ஈயத்தை அலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, அதைவிடக் கனமான தங்கத்தையும் பெரும்பாலும் அங்கேயே சேர்க்கும்.

இனி ஆழம். பெட்டியில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கைப் படிக்கும்போது, நாம் நின்று தேடப்போகிறோமா, மூழ்கித் தேடப்போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மார்பளவு நீரில் நிற்கிறவருக்குக் காயில் ஒன்றரை மீட்டரில் இருக்கும், கட்டுப்பாட்டுப் பெட்டி அதைவிட மேலே இருக்கும். ஈக்வினாக்ஸ் 600, 800 ஆகியவற்றின் 3 மீட்டரும், பின்னால் வந்த 700, 900 ஆகியவற்றின் 5 மீட்டரும் அவருக்குப் போதுமானவை. மூச்சடக்கி முக்குளிக்கிறவர் டியூஸ் 2 தரும் 20 மீட்டரை நினைத்துப் பார்க்கலாம். காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கென்றே தனி இனம் இருக்கிறது: எக்ஸ்காலிபர் 2, காரெட் சீ ஹண்டர் மார்க் 2 ஆகியவை 200 அடி வரையிலும், ஃபிஷர் சிஇசட்-21 250 அடி வரையிலும் தாங்கும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பதை நினைவில் வைத்தால், 3 மீட்டர்க் கருவியை "சற்றுத்தானே" என்று 8 மீட்டருக்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும். தூசியும் நீரும் புகாத தன்மையைக் குறிக்கும் ஐபி68 என்ற முத்திரையை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் கூடாது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை அந்தந்த நிறுவனமே வரையறுத்துக்கொள்ளும் முத்திரை அது. மேலும், அந்தக் கணக்கெல்லாம் அசையாத நீருக்கானது. அலை அடித்து நொறுங்கும் இடத்தில் கருவியின் மேல் மோதும் நீர், ஆழத்தின் கணக்கைப் படித்துவிட்டு வருவதில்லை.

நீர் உள்ளே போன கதை எனக்கும் ஒன்று உண்டு. இரண்டாவது கருவியின் மின்கலப் பெட்டியைக் கடற்கரையிலேயே திறந்து மூடினேன். அவசரத்தில் ரப்பர் வளையத்தைத் துடைக்கவில்லை. கால்மணி நேரத்தில் ஒலி கரகரத்தது, பிறகு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது, கறுப்பு வளையத்தின் குறுக்கே ஒரே ஒரு தலைமுடி படுத்திருந்தது. அதன் இருபுறமும் வளையம் சற்றே தூக்கி நின்ற இடத்தில் வெள்ளையாக உப்புத் தடம். அந்த ஒரு முடியின் வழியே கடல் உள்ளே வந்திருந்தது. உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தும், திறந்து மூடியதில் ஏற்பட்ட நீர்க்கசிவு உத்தரவாதத்தில் சேராது என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அந்த வரி விதிமுறைத் தாளில் சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. அதனால் இப்போது நான் கருவியைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தாளைத்தான் கேட்டு வாங்கிப் படிக்கிறேன். மின்கலத்தைக் கழற்றாமலே மின்னேற்றக்கூடிய அமைப்பும், திறக்க வேண்டிய மூடிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாக உள்ள உடலும் கடலுக்கு நல்லவை. வெயிலில் கொதித்துக் கிடந்த கருவியை அப்படியே குளிர்ந்த நீரில் அமிழ்த்துவதும் ஆபத்தானது. உள்ளே விரிந்திருந்த காற்று சட்டென்று சுருங்கி, இடுக்கு வழியே நீரை உறிஞ்சி இழுக்கும். நிழலில் ஆற விட்டு, ஈரத்துணி போர்த்தி, பிறகு இறக்குவது நல்லது.

பழைய கருவியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெசோரோ சேண்ட் ஷார்க், வைட்ஸ் சர்ஃப் பிஐ போன்ற நல்ல பல்ஸ் கருவிகள் இன்றும் கைமாறுகின்றன; ஆனால் டெசோரோவும் இல்லை, வைட்ஸும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. காயில் கெட்டால் காயில் கிடைக்காது. நீருக்கடியில் பயன்படும் பழைய கருவிகள் பலவற்றில் காயிலின் கம்பி நேரடியாகப் பெட்டிக்குள் பதிக்கப்பட்டிருப்பதால், கிடைத்தாலும் மாற்றுவது எளிதன்று.

ஹெட்போன் விஷயத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கம்பியில்லா ஹெட்போன் கரையில் மிக வசதியானது, நீருக்குள் பயனற்றது. ரேடியோ அலைகளை, அதிலும் ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை, நீர் சில சென்டிமீட்டர்களுக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. காயிலே கம்பியில்லாமல் பேசும் டியூஸ் 2 போன்ற கருவியிலும், நீருக்குள் இறங்குவதற்கு முன் காயிலையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் இணைக்கும் ஒரு தனி ஆண்டெனாக் கம்பியைக் கட்டியாக வேண்டும். ஆகவே தலை நனையும் ஆழத்துக்குப் போகிறவர், நீர் புகாத கம்பி ஹெட்போனின் விலையையும் கருவியின் விலையோடு கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும். முக்குளிக்கிறவர் காதை இறுக்கி அடைக்கும் ஹெட்போனை அணியக் கூடாது. அடைபட்ட காற்று அழுத்தம் மாறும்போது செவிப்பறையைத் துன்புறுத்தும். அலைச் சத்தத்துக்கு நடுவில் மெல்லிய ஒலியைத் தவறவிடுகிறவர்களுக்குக் கைப்பிடியில் அதிர்வு தரும் வசதி கொஞ்சம் உதவும். ஆனால் நுண்ணிய வேறுபாட்டைக் காதுதான் அறியும், கை அறியாது.

காயிலைப் பொறுத்தவரை 11 அங்குலம் அளவிலான, நடுவில் திறந்த சட்டம்போன்ற மெல்லிய டபுள்-டி காயில் (D வடிவச் சுருள்கள் இரண்டை முதுகோடு முதுகாக வைத்தது) கடற்கரைக்குப் போதும். பெரிய காயில் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். அதோடு இன்னும் அதிக உப்பையும் பார்க்கும், நீரில் வீசும்போது துடுப்புப்போல எதிர்த்து நிற்கும். நிலத்தில் எடை முக்கியம், நீரில் இழுவை முக்கியம். காயில் மிதக்கப் பார்த்தால் அதைத் தரையோடு அழுத்திப் பிடித்தே மணிக்கட்டு நொந்துபோகும். கல்லாக மூழ்கினால் தூக்கித் தூக்கித் தோள் நோகும். விட்டால் மெதுவாகத் தரைக்கு இறங்கி அங்கேயே நிற்கும் காயில்தான் நல்ல காயில். அடிப்பக்கம் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் ஈர மணல் புகுந்துகொண்டால் கருவி காரணமே இல்லாமல் உளறும். நான் கடலில் அந்த உறையைக் கழற்றியே வைத்துவிடுகிறேன். கம்பியையும் தண்டோடு இறுக்கிச் சுற்ற வேண்டும், தொங்கினால் ஒவ்வோர் அலைக்கும் பொய்க்குரல் எழும். தண்டின் பூட்டுகளில் மணல் சிக்கிக்கொண்டால் அவற்றைப் பிரித்து அலச முடிகிறதா என்பதையும் பாருங்கள், திருகுகள் துருப்பிடிக்காத எஃகுதானா என்பதையும் பாருங்கள்.

அள்ளியைப் பற்றிச் சொல்லாமல் கருவியை மட்டும் சொன்னால் அது பாதிப் பேச்சு. உலர்ந்த மணலில் பிளாஸ்டிக் சல்லடைகூடப் போதும். ஆனால் இடுப்பளவு நீரில், நீண்ட கைப்பிடியும் துருப்பிடிக்காத எஃகுக் கூடையும் கொண்ட அள்ளி இல்லாமல், எவ்வளவு விலையுயர்ந்த டிடெக்டரும் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லுவதோடு நின்றுவிடும். ஒருமுறை நண்பர் ஒருவரின் மோதிரம் தொடையளவு நீரில் விழுந்துவிட, அவர் நின்ற இடத்தை ஒரு கழியால் அடையாளம் வைத்துக்கொண்டு தேடினேன். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு ஒலி தெளிவாகக் கிடைத்தது. காயிலின் நடுவுக்கு நேராக என் வலது பாதத்தை நகர்த்தி வைத்து, காயிலைப் பின்னால் தள்ளி மிதக்கவிட்டு, பெருவிரலுக்கு முன்னால் அள்ளியைக் குத்தி, குதிகாலால் அதன் விளிம்பை மிதித்துச் சாய்த்து எடுத்தேன். முதல் அள்ளலில் சிப்பிகள். இரண்டாவது அள்ளலில் சிப்பிகளும் ஒரு தகர மூடியும். குழியில் மறுபடியும் காயிலை வைத்துப் பார்த்தேன், ஒலி அங்கேயே இருந்தது. மூன்றாவது முறை கூடையை நீர்மட்டத்துக்குக் கீழேயே வைத்து ஆட்டியபோது மணல் புகையாகக் கலைந்து போய், கூடையின் ஒரு மூலையில் கலகலவென்று ஓர் ஓசை கேட்டது. கல்லின் ஓசைக்கும் அதற்கும் வேறுபாடு உண்டு. "அதுதான், அதுதான்!" என்று நண்பர் கூடைக்குள் கையை விட்டுவிட்டார், கூடை சாய்ந்து மோதிரம் மீண்டும் நீருக்குள் விழாமல் இருந்தது எங்கள் நல்ல காலம். எடுத்ததும் கூடையை நீருக்கு மேலே தூக்கி, கரைக்கு வந்து, பிறகுதான் கையை விட வேண்டும்.

கிடைப்பதெல்லாம் நமக்கு உரியதன்று என்பதையும் வாங்குவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது. தேடுவதற்கு அனுமதி தேவையா, கண்டெடுத்ததை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும்; சில கரைகளில் டிடெக்டரை எடுத்துக்கொண்டு நடப்பதே குற்றமாகலாம். நூறு ஆண்டுகளாவது நீருக்கடியில் கிடந்த மனித வாழ்வின் தடயங்களை யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கை நீரடிப் பண்பாட்டு மரபு என்று வரையறுத்துப் பாதுகாக்கிறது. உடைந்த கப்பல் ஒன்றின் ஆணியைத் தொட்டால் தோண்டுவதை நிறுத்திவிட்டு உரியவர்களுக்குச் சொல்ல வேண்டும். உருளையாக, துருவேறி, கனமாக ஏதாவது தென்பட்டால் அதைத் தட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு விலகிவிட வேண்டும். பழைய போர்களின் குண்டுகள் இன்றும் கரை ஒதுங்குகின்றன.

முடிந்தால் வாங்குவதற்கு முன் ஒரு நாள் இரவல் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும் நேரத்தில், ஈர மணலில் நின்று, முதலில் காயிலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். அங்கேயே கருவி முணுமுணுத்தால் அது உப்பின் வேலை அன்று; மின்கம்பியோ அலைபேசியோ செய்யும் குறுக்கீடு, அலைவரிசையைச் சற்று மாற்றினால் அடங்கிவிடலாம். தூக்கும்போது அமைதியாகவும் தாழ்த்தும்போது கூச்சலாகவும் இருந்தால் அதுதான் உப்பு. பிறகு ஒரு மெல்லிய மோதிரத்தில் முழ நீளச் சிவப்பு நூலைக் கட்டி, நூலின் நுனி வெளியே தெரியும்படி ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். நூல் இல்லாமல் புதைத்துவிட்டுச் சொந்த மோதிரத்தையே தேடியவர்களை எனக்குத் தெரியும். இப்போது உப்புக்கு ஏற்ப அமைதியாக்கிய அதே உணர்திறனில், காயிலை மெதுவாக, மணலை ஒட்டி வீசிப் பாருங்கள்.

என் மூன்றாவது கருவியை அப்படித்தான் பார்த்தேன். முதல் கருவி கூச்சலிட்ட அதே ஈர மணலில் காயிலை வைத்தேன். ஓர் அலை வந்தது; காயிலின் மேல் ஏறி, கணுக்கால் வரை நனைத்து, நுரையை விட்டுவிட்டுத் திரும்பியது. அடியில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய ரீங்காரம் நூலிழைகூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நூல் கட்டிய இடத்துக்கு மேலே கொண்டுபோனதும் சின்னதாக, தெளிவாக, இரண்டு பக்கம் வீசியபோதும் ஒரே மாதிரியாக ஒரு குரல் கொடுத்தது. இரவல் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே எனக்கென்று ஒன்றை வாங்கச் சொல்லிவிட்டேன். அது எத்தனை மீட்டர் தாங்கும் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டியில் படித்தேன்.